வெள்ளத்திற்கு இடம் விட்டவர்

மழை பொய்த்தால் ஊர் வாடுகிறது. மழை மிகுந்தால் ஊர் நடுங்குகிறது. சித்திரை வெயிலில் ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது வானத்தை நோக்கிக் கைகூப்பும் நாம், ஐப்பசி அடைமழையில் அதே ஏரி கரை தட்டும்போது அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக இரவெல்லாம் கரைமேல் காவல் நிற்கிறோம். ஏரி நிரம்ப வேண்டும். ஆனால் உடையக் கூடாது. ஏரியை நம்பி வாழும் ஊர்களில் எல்லாம் இந்த இரண்டு ஆசைகளும் ஒரே கரையின் மேல் நின்று ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன.

எவ்வளவு நீரைத் தேக்கலாம்? எப்போது அதைத் திறந்துவிட வேண்டும்? கேட்பதற்கு எளிய இந்த இரண்டு வினாக்களோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி ஆண்டு மலரின் வாயிலாகத் தோழர்களோடு பகிர்ந்து கொள்ள விழைகிறேன். அவர்தாம் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. மைசூர்த் திவானாகவும், பாரத ரத்னா விருது பெற்றவராகவும் அவரை நாம் அறிவோம். அவர் பிறந்த செப்டம்பர் 15ஆம் நாளைப் பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் பெருமழைக்கு அஞ்சாமல் ஏரியை ஆளும் வழியை அவர் தேடிய கதை மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இளமையும் கல்வியும்

இன்றைய கர்நாடக மாநிலத்தில் சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். முன்னோர் ஆந்திர நாட்டின் மோட்சகுண்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்த ஊரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி கற்றவர். கல்வி இருந்த அளவுக்கு வீட்டில் செல்வம் இல்லை. மகன் பள்ளிப் பருவத்தைத் தாண்டுமுன்னரே தந்தை மறைந்தார். தாய் வெங்கடலட்சுமி அம்மையார் மகனின் படிப்பு நின்றுவிடாமல் காத்தார்.

பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற நாட்களில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்த வருவாயில் தம் செலவைப் பார்த்துக்கொண்டார். 1881இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மைசூர் அரசு உதவித்தொகை அளித்துப் பூனா அறிவியல் கல்லூரிக்கு அனுப்பியது. 1883இல் பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார். உதவித்தொகையை எதிர்பார்த்து மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இந்தப் பகுதியே அவர் வரலாற்றில் மிகவும் நெருக்கமானதாகத் தோன்றும்.

நாசிக், காந்தேஷ் பகுதிகளில் அவர் பணி தொடங்கியது. சிந்து நதிக்கரையில் உள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் வகுத்தார். ஆற்றையும் மழையையும் புத்தகத்தில் மட்டுமின்றி நேரில் நின்று படித்த ஆண்டுகள் அவை.

கலங்கலுக்குக் கதவு

பூனாவிற்கு அருகில் முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா என்னுமிடத்தில் 1879இல் ஒரு கல்லணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதன் நீர்த்தேக்கத்தைப் பைஃப் ஏரி என்பார்கள். பூனா நகருக்குக் குடிநீரும் வயல்களுக்குப் பாசன நீரும் அங்கிருந்தே சென்றன. நகரம் வளர்ந்தது, தேவையும் வளர்ந்தது, ஏரி மட்டும் வளரவில்லை.

அங்கிருந்த சிக்கலை நம் ஊர் ஏரியைக் கொண்டே விளக்கிவிடலாம். ஏரி நிரம்பியபின் மிகை நீர் வழிந்தோடுவதற்காகக் கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்பட்ட இடமே கலங்கல். வெள்ளக் காலத்தில் நீர் கலங்கலின் மேல் பல அடி உயரத்திற்கு வழிந்தோடும். அந்த உயரத்தையும் தாங்கும்படிதான் கரை கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் நீர்மட்டம் கலங்கலின் தலைக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் சில அடி நீர் நின்றாலும் கரைக்கு ஆபத்தில்லை. ஆனால் அதை நிறுத்தி வைக்க அங்கே தடுப்பு இல்லை. நம் பக்கத்து ஏரிகள் பலவற்றில் கலங்கலின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்து, இன்னும் சிறிது நீரைத் தேக்கிக்கொள்வது பழைய வழக்கம். அடைத்த பிறகு எதிர்பாராமல் பெருமழை வந்துவிட்டால்? நள்ளிரவில் போய் அந்த அடைப்பை யார் வெட்டிவிடுவது? ஒரு போக விளைச்சலுக்கான ஆசை ஊரையே அழிக்கும் ஆபத்தாக மாறுவது இந்த ஓர் இடத்தில்தான்.

கடக்வாஸ்லாவிலும் ஆண்டுதோறும் கலங்கலுக்கு மேல் 6 முதல் 8 அடி வரை நீர் வழிந்து வீணாகிக் கொண்டிருந்தது. கலங்கலைச் சுவராகவே உயர்த்திவிட்டால் அடுத்த வெள்ளம் இன்னும் உயரத்தில் வந்து அணையைத் தாக்கும். அணையையும் சேர்த்து உயர்த்துவதோ பெருஞ்செலவு.

விசுவேசுவரய்யா கண்ட வழி வேறு. கலங்கலின் மேல் இரும்புக் கதவுகளை நிறுத்தினார். எதிர் எடைகளோடு பிணைக்கப்பட்ட அந்தக் கதவுகளை இயக்கும் பொறுப்பை நீர்மட்டத்திடமே ஒப்படைத்தார். குறித்த மட்டம் வரை கதவுகள் மூடியே நிற்கும். நீர் அதைத் தாண்டி உயரத் தொடங்கியதும் அவை தாமே திறந்து வெள்ளத்தை வெளியேற்றும். வெள்ளம் தணிந்து மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொண்டு மிஞ்சிய நீரைக் காக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமைக்கப்பட்ட இந்தக் கதவுகளால் அணையை ஓர் அங்குலம்கூட உயர்த்தாமல் ஏரியின் நீர்மட்டத்தைச் சுமார் 8 அடி உயர்த்திவிட முடிந்தது. கொள்ளளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. இந்த அமைப்பிற்கு அவர் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் கிருஷ்ணராஜ சாகரத்திலும் தானியங்கிக் கதவுகள் இடம் பெற்றன.

இதில் இயந்திரத்தைவிட அதன் பின்னால் இருந்த சிந்தனையே என்னைக் கவர்ந்தது. வெள்ளம் பகலில்தான் வரும் என்று சொல்வதற்கில்லை. காவலர் உறங்கலாம், மேலதிகாரியின் ஆணை வந்து சேரத் தாமதமாகலாம், இன்னும் சிறிது நேரம் தேக்கிப் பார்க்கலாமே என்ற சபலம் பொறுப்பில் உள்ளவருக்கு வரலாம். மட்டம் தாண்டினால் கதவு திறந்தே தீரும் என்னும் கட்டுப்பாட்டை அவர் மனிதரின் மனத்திலிருந்து எடுத்து இரும்பில் வைத்தார்.

மூசி ஆறு சொன்ன பாடம்

1908ஆம் ஆண்டு விசுவேசுவரய்யா பம்பாய் அரசுப் பணியிலிருந்து விலகி ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஐதராபாத்தில் பேரிடி விழுந்தது. மூசி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள ஷம்ஷாபாத்தில் ஒரே நாளில் 12 அங்குலத்திற்கு மேல் மழை கொட்டியது. செப்டம்பர் 28ஆம் நாள் ஆறு நகருக்குள் புகுந்தது. பாலங்கள் சிதைந்தன, பழமையான புரானாபூல் மட்டும் எஞ்சி இரு கரைகளையும் இணைத்தது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. ஆற்றங்கரைப் பூங்காவில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளைகளில் ஏறி அமர்ந்து சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திற்குள் அமைந்துவிட்ட அந்த மரத்தடியில் ஆண்டுதோறும் செப்டம்பர் 28இல் கூடி நினைவுகூர்வதை அந்நகர மக்கள் வழக்கமாக்கிக் கொண்டனர்.

நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. 1909 ஏப்ரலில் அவர் அங்கே பணியைத் தொடங்கினார். ஆறு பெருகியதால் நகரம் அழிந்தது என்று சொல்லி அவர் நின்றுவிடவில்லை. ஆறு ஏன் அப்படிப் பெருகியது என்று ஆற்றின் வழியே மேல்நோக்கிச் சென்று ஆராய்ந்தார். மழைக் கணக்குகளைத் திரட்டினார், ஏரிகளை எண்ணினார்.

எண்ணி வந்த கணக்கு திகைப்பூட்டுவது. ஐதராபாத்திற்கு மேலே 860 சதுர மைல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி. அவற்றுள் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மூசி ஆற்றின் பக்கம் 182, ஈசி ஆற்றின் பக்கம் 39.

தோழர்களே, இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் மறுகால் நீர் கீழ் ஏரிக்கு வரும். ஒழுங்காக வழிந்தால் அது கொடை. உடைத்துக்கொண்டு வந்தால் அதுவே கொலை. மேலே ஒரு கரை உடைந்ததும் அதன் முழு நீரும் ஏற்கெனவே நிரம்பித் தவிக்கும் அடுத்த ஏரியின் மேல் மோதுகிறது. அது உடைந்ததும் இரண்டு ஏரி நீர் மூன்றாவதின் மேல் விழுகிறது. நாட்கணக்கில் சிறுகச் சிறுக ஆற்றுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய நீர், சில மணி நேரத்தில் மதில்போல் எழுந்து வந்து நகரின் மேல் விழுந்தது. காக்க வேண்டிய ஏரிகளே வெள்ளத்திற்குத் துணை போயின.

காலியிடத்தின் அருமை

இதற்கு அவர் சொன்ன தீர்வு, நகருக்கு மேலே மூசி ஆற்றின் குறுக்கே ஒன்றும் ஈசி ஆற்றின் குறுக்கே ஒன்றுமாக இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் என்பது. நகருக்குள் ஆற்றின் இரு மருங்கிலும் கரைகளை உயர்த்தவும், கழிவுநீர் வடிகால் அமைக்கவும் திட்டம் தந்தார். மூசியின் மேல் எழுந்த உஸ்மான் சாகர் 1920இலும், ஈசியின் மேல் எழுந்த ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவு பெற்றன. இடையில் அவர் மைசூர்ப் பணிக்குச் சென்றுவிட்டபோதிலும் ஐதராபாத் அரசு பின்னரும் அவருடைய ஆலோசனையை நாடியது.

கடக்வாஸ்லாவில் காலியாகக் கிடந்த 8 அடியை நீரால் நிரப்பியவர் அவர். ஐதராபாத்திலோ நீருக்கு மேலே காலியிடம் வேண்டும் என்று சொன்னவரும் அவரே. இது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள். பெருவெள்ளத்தைத் தடுக்க வேண்டிய நீர்த்தேக்கம் மழைக்கு முன்பே விளிம்பு வரை நிரம்பியிருந்தால் அதனால் என்ன பயன்? வருகிற வெள்ளத்தின் உச்சத்தைத் தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல விடுவதற்கு அதனிடம் இடம் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி நீர் குடிப்பதற்கு. மேற்பகுதிக் காலியிடம் வெள்ளத்திற்கு. விருந்தினர் வரக்கூடும் என்று திண்ணையில் இடம் விட்டுவைக்கும் இல்லத்தரசியைப் போல, வரப்போகும் வெள்ளத்திற்காக ஏரியில் இடம் விட்டு வைக்கச் சொன்னார் அவர்.

எத்தனை அடி நிரப்புவது, எத்தனை அடி விடுவது என்பதை ஊகத்தால் சொல்லிவிட முடியாது. நீர்ப்பிடிப்பின் பரப்பு, கிடைத்த மழைக் கணக்கு, கரையின் வலிமை, கீழே ஆறு கொள்ளும் அளவு ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியே சொல்ல வேண்டும். அவருடைய துணிவும் அச்சமும் இரண்டுமே கணக்கிலிருந்து பிறந்தவை.

காவிரிக் கரையில்

1909 நவம்பரில் மைசூர் நாட்டின் தலைமைப் பொறியாளரானார். 1911இல் கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே அணை வேலை தொடங்கியது. 1912 முதல் 1918 வரை திவானாகவும் இருந்தார். அந்த அணையே கிருஷ்ணராஜ சாகரம்.

தமிழராகிய நமக்கு இந்தப் பகுதி எளிதில் கடந்து செல்லக் கூடியதன்று. அணையின் உயரத்தை முன்னிட்டுச் சென்னை மாகாணத்திற்கும் மைசூருக்கும் எழுந்த வழக்கில் விசுவேசுவரய்யா மைசூரின் பக்கம் நின்றவர். முதல் கட்டத்திற்கு மட்டுமே இசைவு இருந்தபோது, முழு உயரத்தையும் தாங்கும் அளவுக்கு அடித்தளம் போட்டவர். தஞ்சை உழவனின் கண்ணால் பார்த்தால் அது உவப்பான செய்தியன்று. 1924இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்னரே மேட்டூர் அணை எழுந்து 1934இல் முடிந்தது. காவிரிப் பங்கீட்டில் அவரோடு உடன்படாதவர்களும் அவருடைய பொறியியல் அறிவைப் போற்றலாம்; போற்றுகிறோம்.

மேலும் பங்கீட்டில் மாறுபட்டாலும் வெள்ளத்தில் இரு நாடுகளும் ஒரே ஆற்றின் பிள்ளைகளே. மேலே கிருஷ்ணராஜ சாகரமும் கபினியும் நிரம்பித் திறந்தால் கீழே மேட்டூரின் மட்டம் ஏறும். மேட்டூர் 120 அடியைத் தொட்டுத் திறந்தால் முக்கொம்பு வரை ஆறு சீறும். 2018 ஆகஸ்டில் அப்படிப் பெருகிய நீரில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அணை அது. கதவை அமைப்பது ஒருநாள் வேலை. அதைக் காப்பது தலைமுறைகளின் வேலை.

நூறாம் வயதில்

1955இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1960 செப்டம்பரில் அவருடைய நூற்றாண்டை நாடே கொண்டாடியது. மனிதர் தம் நூற்றாண்டு விழாவைத் தாமே காண்பது அரிது. அந்தப் பேறு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் மறு ஆண்டே, அவருடைய கதவுகள் நின்ற அந்தப் பழைய இடத்தில் துயரம் நேர்ந்தது. கடக்வாஸ்லாவுக்கு மேலே ஆம்பி ஆற்றின் குறுக்கே பான்ஷெட் என்னுமிடத்தில் ஒரு மண்ணணை எழும்பிக் கொண்டிருந்தது. நீர் வெளியேறும் வழியின் வேலை முற்றுப்பெறாத நிலையிலேயே அந்தப் பருவமழையின் நீர் அதில் தேங்கியது. மழை கொட்டியது, மட்டம் விரைந்து ஏறியது, கரை உள்வாங்கத் தொடங்கியது. படைவீரர்கள் இரவு முழுவதும் மண்மூட்டைகளை அடுக்கிப் போராடினர். 1961 ஜூலை 12ஆம் நாள் காலை பான்ஷெட் உடைந்தது. அதன் முழு நீரும் கீழே வந்து கடக்வாஸ்லாவின் மேல் மோதியது. 80 ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அந்தக் கல்லணை சில மணி நேரம் தாங்கிப் பின் உடைந்தது. பூனா நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி என்னாகும் என்பதை 1908இன் 221 ஏரிகளைக் கொண்டு எண்ணிக் காட்டிய மனிதர், பெங்களூரில் நூறு வயதைக் கடந்து வாழ்ந்து கொண்டிருந்தபோதே அந்தப் பாடம் மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டது. அவருடைய தானியங்கிக் கதவுகள் அங்கு வரக்கூடிய வெள்ளத்திற்காக அமைக்கப்பட்டவை. மேலிருந்த ஓர் அணையே உருண்டு வந்தால் எந்தக் கதவு தாங்கும்? முடிவு பெறாத அணையில் நீரைத் தேக்கலாகாது என்பதற்கு எந்த இயந்திரமும் மாற்றாகாது. அதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும். 1962 ஏப்ரலில் விசுவேசுவரய்யா மறைந்தார். உடல் முத்தேனஹள்ளி மண்ணில் அடங்கியது.

நாம் கற்பது

2020 அக்டோபரில் ஐதராபாத்தில் மீண்டும் பெருமழை பெய்தது. ஹிமாயத் சாகரின் கதவுகள் திறக்கப்பட்டன. நகரைச் சுற்றியிருந்த சிற்றேரிகள் சிலவற்றின் கரைகள் உடைந்து குடியிருப்புகளுக்குள் நீர் புகுந்தது. பெரிய நீர்த்தேக்கங்கள் நின்றன. கவனிப்பாரற்ற சிற்றேரிகள் நின்று தாங்கவில்லை. 1909இல் அவர் எண்ணிய கணக்கு நூற்றாண்டு கடந்தும் காலாவதியாகவில்லை.

பேரணைகளைக் கட்டும் வாய்ப்பு நம்மில் ஒருவருக்கோ இருவருக்கோ கிட்டலாம். ஏரிக்கரையில் வாழும் வாய்ப்பு நம்மில் பலருக்கும் உண்டு. மழைக்கு முன்னால் நம் ஊர்க் கலங்கல் அடைபட்டுக் கிடக்கிறதா, மதகின் பலகை ஏறி இறங்குகிறதா, மறுகால் ஓடும் வழியில் வீடு முளைத்திருக்கிறதா, மேல் ஏரியின் கரை உறுதியாக உள்ளதா என்று பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை. ஏரியின் காலியிடத்தைக் கண்டு அது வீணாகக் கிடக்கிறது என்று எண்ணாமல், வரப்போகும் மழையின் பங்கு அது என்று உணர்ந்தால் போதும்.

நிரப்பத் தெரிந்தவர் பலர். எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்கிட்டு அங்கே நின்றவர் விசுவேசுவரய்யா. அடுத்த ஐப்பசியில் நம் ஏரி நிரம்பும்போது மகிழ்வோம். மகிழ்ந்தபடியே ஒருமுறை கலங்கல் வரை நடந்து சென்று பார்த்துவிட்டும் வருவோம்.